மஞ்சள் கட்டம்

புது ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைத்தால் பக்கத்து ஆற்றின் வெள்ளத்தில் மூழ்கும் என்று அபாயப் பட்டியலில் அவள் எழுதினாள். நடக்கும் வாய்ப்புக்கு ஐந்தில் மூன்று, சேதத்துக்கு ஐந்தில் ஐந்து என்று கணினியில் போட்டதும் கட்டம் தானாகவே சிவப்பானது. சிவப்பு என்றால் வேலை நிற்கும்.

"மொட்டை மாடியில வெச்சிடலாம் சார்," என்றாள்.

"திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு, அபசகுனமா பேசாதீங்க," என்று எரிந்து விழுந்தார் தலைமைப் பொறியாளர். "அந்த ஆறு முப்பது வருஷமா கரை தாண்டல. மூணை ரெண்டாக்குங்க."

ஒரு எண்தானே என்று அவளும் மாற்றித் தொலைத்தாள். கட்டம் சமர்த்தாக மஞ்சளானது. ஆற்றுக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

மஞ்சள் என்றால் கண்காணிக்க ஓர் ஆளின் பெயர் வேண்டும் என்று பட்டியல் கேட்டது.

"பழைய ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஆபரேட்டரையே போடுங்க. தங்கமான மனுஷன். மழை நாள்ல கீழயே உக்காந்து பாத்துக்கட்டும். இடியே விழுந்தாலும் இடத்தை விட்டு நகரமாட்டாரு."

அவள் விரல்கள் அப்படியே நின்றன.

நகரமாட்டான்தான். அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்தே அண்ணன் அப்படித்தான்.