நடுக்கம் நிறுத்திய தாள்

வெள்ளித்தாளை உருவியதும் அப்பாவின் நெஞ்சுச் சூடு கையில் அடித்தது. நஞ்சப்பன் பயந்து கையை இழுத்துக்கொண்டான். உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

திருவனந்தபுரத்தில் ராக்கெட் வேலைக்கூடத்தில் அவன் செய்து பார்க்கும் தாள் அது. தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராத பிளாஸ்டிக்கில் அலுமினியம் பூசியது. அடுத்த வருஷம் மேலே போகவிருந்த செயற்கைக்கோளைப் போர்த்துவதற்காக. சூட்டை வெளியே விடாது.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாளிடம் அம்மா கருப்பாத்தாள் அழுகையினூடே பெருமைப்பட்டாள்.

"நேத்துப் பொழுதெறங்க, கட்டிலே ஆடுற மாதிரி நடுக்கமுங்க அவருக்கு. பையன் இதச் சுத்தி உட்டான். அர மணிதான், நடுக்கம் நின்னு போச்சு. விடியால நிம்மதியாப் போனாருங்க."

"படிச்ச புள்ள பக்கத்துல இருந்தானே, அதுவே புண்ணியமுங்க."

காய்ச்சல் நூற்று நாலு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள் என்று கம்பவுண்டர் நஞ்சப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். துடைக்கப் போனால் அப்பா "குளுருது கண்ணு" என்று கையைத் தட்டிவிட்டார். அவன் பெட்டியில் மாதிரித்தாள் இருந்தது. உள்ளே எத்தனை டிகிரி ஏறும் என்று தினமும் அளந்து எழுதுகிறவன், அப்பாவைச் சுற்றும்போது அதை நினைக்கவேயில்லை. நான்தான் கொன்றுவிட்டேனா? கம்பவுண்டர் இழவுக்கு வருவார். அம்மா அவரிடமும் இதையேதான் சொல்வாள்.

வாசலிலிருந்து பெரியப்பா பொங்கியண்ணன் குரல் கொடுத்தார். "போத்துன துணியெல்லாம் சுடுகாட்டுக்குப் போயிரோணும். ஊட்டுல ஒண்ணும் தங்கக் கூடாது."

நல்லதாகப் போயிற்று. எரிந்து போகட்டும். நஞ்சப்பன் அவசரமாகத் தாளைச் சுருட்டினான். அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"துணிக்குத்தானுங்க அந்த மொற. இது தாளு."

"குடும்மா. எரிச்சுரலாம்."

"எதுக்கு? எனக்கும் ஒருநா இப்பிடி வராமயா போகும்? உங்கய்யனுக்குச் சுத்துனாப்ல எனக்கும் சுத்தி உடு."

"வேண்டாம்மா. இனி யாருக்குமே இதச் சுத்தக் கூடாது."

"ஏங்கண்ணு?"

அழுது வீங்கிய கண்களால் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைப் பிடித்திருந்த அவன் விரல்கள் தளர்ந்தன.

அம்மா அதை நான்காக மடித்து, தன் சேலைப் பெட்டியைத் திறந்து, அவசரத்துக்கு எடுக்கத் தோதாக எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.