மகன் அனுப்பிய சோறு

விடுமுறை தொடங்கினால் அந்தக் கட்டடமே காலி. ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்தபந்தம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மேல்மாடியில் மிஞ்சுவது இரண்டே பேர்: தையல்காரியும், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரும். கடைகளும் மூடிவிடும். மனைவி இறந்தபிறகு வெந்நீர் வைப்பதைத் தவிர வேறெதற்கும் அடுப்பைத் தொடாத மனிதர் அவர். காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார்.

போன விடுமுறையில் தையல்காரி சாப்பாட்டை நேரிலேயே கொண்டுபோனாள். "நான் என்ன கையேந்துறவனாம்மா?" என்று கதவைச் சாத்திவிட்டார். வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அதனால் இந்த முறை புதிதாக ஒரு தூக்குச்சட்டி வாங்கினாள். சோற்றை நிரப்பி, அவர் வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டி, மணியை அடித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் புகுந்துகொண்டாள். மாலையில் கழுவிய சட்டி அதே பிடியில் தொங்கியது. அதைப் பார்த்தே அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. தினமும் இப்படியே நடந்தது.

மாஸ்டரின் மகன் வெளியூரில் இருக்கிறான். விடுமுறை முடிவதற்குள் ஒரு நடை வந்துபோவதாகச் சொல்லியிருந்தான். அந்த ஒரு வரவுக்காகத்தான் மனிதர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். மகன் படுக்கும் அறைக்குப் புதுத் திரைச்சீலை வேண்டுமென்று அவளிடமே தைக்கக் கொடுத்திருந்தார்.

தைத்து முடித்துக் கொண்டுபோனாள்.

"தம்பி என்னைக்கு வர்றாரு, சார்?"

"வரல. நான்தான் வேணாம்னுட்டேன்." முகத்தில் அத்தனை பெருமை. "எனக்கே தெரியாம ஆள் வச்சு தினம் சாப்பாடு அனுப்புறான்மா. போன்ல கேட்டேன். முதல்ல ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சான். அப்புறம், 'ஆமாப்பா, நான்தான்'னான். 'நல்லா சாப்பிடுறீங்கல்ல, அப்ப அடுத்த வருஷம் வரட்டுமா'ன்னான். சரிப்பான்னுட்டேன்."

திரைச்சீலையை மாட்டாமல் மடித்து அலமாரியில் வைத்தார்.

தையல்காரிக்கு உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் இந்த முகம் செத்துப்போகும். நாளைக்குச் சட்டி தொங்காவிட்டாலும் அதே கதிதான். நல்லது செய்யப்போய், வரவேண்டியவன் வராமலிருக்க இவளே வழி செய்து கொடுத்துவிட்டாள். படுபாவிப் பயல், வாய் கூசாமல் ஆமாம் என்றிருக்கிறானே.

"நீயும் எதிர்லதான் இருக்கே," என்றார் மாஸ்டர். "ஒரு தடவை வேணாம்னேன், அதோட விட்டுட்டே. பெத்த பிள்ளை அப்படி விட்டானா பாரு."

"தப்புதான் சார்."

மறுநாளும் சமைத்தாள். கை ஓடவில்லை, ஆனாலும் சமைத்தாள். சட்டியை மாட்டி, மணியை அடித்துவிட்டு, தன் கதவுக்குப் பின்னால் நின்றாள். எதிர்க்கதவு திறந்தது. ஆளில்லாத மாடிப்படியைப் பார்த்து மாஸ்டர் சத்தமாகச் சொன்னார்:

"யாருப்பா அது, அவன்கிட்ட சொல்லிடு. அப்பா நல்லா இருக்காரு, அலைய வேணாம்னு."