ஈரவ்வாவின் சரம்

"ஈரவ்வா தட்டினா ரொட்டி பௌர்ணமி நிலாவாட்டம் இருக்கும். நீ தட்டுறத மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்று மாமியார் நீலவ்வா தட்டைத் தள்ளிவிட்டாள்.

மருமகள் ரத்னவ்வா அடுப்புப் பக்கம் திரும்பினாள். கல்லில் கிடந்த சோள ரொட்டி கருகும்வரை வெறித்துக்கொண்டு நின்றாள். உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் மயிரைப் பிடித்துச் சண்டையாவது போடலாம். செத்தவளோடு என்ன செய்வது?

மல்லேசப்பாவின் முதல் மனைவி ஈரவ்வா கிணற்றில் விழுந்து செத்தவள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள் இந்த வீட்டார். நகை கேட்டு அடித்துத் தள்ளிவிட்டார்கள் என்றார்கள் பெண்ணைப் பெற்றவர்கள். ஜாமீனில் வந்த மல்லேசப்பா, வழக்கு நடக்கும்போதே ரத்னவ்வாவைக் கட்டிக்கொண்டான். ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கேட்காமல் கட்டினான் என்று அவளுடைய அப்பா கதக் ஊர்க் கடைவீதி முழுக்கப் புகழ்ந்து திரிந்தார்.

"புது மருமக முன்வரிசைல உக்காரட்டும். கண்ணுக்கு நிறைவா வெச்சிருக்கீங்கன்னு ஜட்ஜய்யா பாக்கட்டும்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். ரத்னவ்வாவும் ஆசையோடுதான் போனாள். சாட்சிப்பொருளாகக் காட்டப்போகும் அந்த மகராசி ஈரவ்வாவின் சேலை தன்னுடையதைவிட ஒசத்தியா என்று பார்த்துவிட வேண்டும்.

நீதிமன்றத்தில் அரக்கு முத்திரையை உடைத்து மூட்டையைப் பிரித்தார்கள். உடைந்த வளையல்கள், ஒற்றை மெட்டி, கரையில் ஒட்டுப்போட்ட இல்கல் சேலை. 'இவ்வளவுதானா!' என்று ரத்னவ்வாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்து ஒரு டப்பாவிலிருந்து சில பொன் குண்டுகளை மேஜையில் வைத்தார்கள்.

"பிணத்தோட இறுகின கைக்குள்ள இருந்தது, ஐயா. கழுத்துச் சரத்த அறுக்கும்போது அவ பிடிச்சுக்கிட்டது. மிச்சத்த மறைச்சுட்டாங்க" என்றார் அரசு வக்கீல்.

"அப்படி ஒரு சரமே அவகிட்ட கிடையாது" என்றான் கூண்டிலிருந்த மல்லேசப்பா.

ரத்னவ்வா எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு குண்டிலும் இலைபோலக் கீறல். அவள் கை முந்தானைக்குள் போயிற்று. "உனக்குன்னே செஞ்சது. அவ கழுத்துல ஏறாதது" என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் அவன் போட்டுவிட்ட சரம். அதே இலைக் கீறல்; நடுவில் மட்டும் பவளம். ஏன் என்று கேட்டதற்கு, "செவப்பு உனக்கு எடுப்பா இருக்கும்" என்று சிரித்திருந்தான்.

அறுந்துபோன குண்டுகளின் இடத்தைத்தான் பவளம் நிரப்பியிருக்கிறது. இதுவும் அவளுடையதுதானா! முதலில் பற்றிக்கொண்டு வந்தது அந்தப் பழைய பொறாமைதான். பிறகு, அந்தக் கை எதை விடாமல் பிடித்துக்கொண்டு கிணற்றில் போயிற்று என்பது உறைத்தது. பிடரியில் யாரோ வெடுக்கென்று இழுப்பதுபோலிருந்தது.

எழுந்தாள். நீலவ்வா சேலையைப் பிடித்தாள். "உக்காருடி! புருசன உள்ள அனுப்பிட்டு எங்க போவ? உங்கப்பனே கஞ்சிக்கு வழியில்லாம கெடக்கான்."

"விடுங்க அத்தே."

சரத்தைக் கழற்றி உயர்த்திப் பிடித்தாள். "ஐயா, மிச்சம் இங்க இருக்கு. இவருதான் போட்டுவிட்டாரு."

மல்லேசப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான். நீதிபதி அவளைச் சாட்சிக் கூண்டுக்கு வரச் சொன்னார்.

"பேரு?"

"ரத்னவ்வா."

"அவருக்கு நீ என்ன வேணும்?"

மேஜையில் விரிந்துகிடந்த ஒட்டுப்போட்ட சேலையைப் பார்த்தாள்.

"ரெண்டாவது பொண்டாட்டிங்க."

ஈரவ்வாவுக்கு அடுத்ததாக நிற்பதில் அன்றைக்குத்தான் முதன்முறையாக அவளுக்கு எரிச்சல் வரவில்லை.