தகரக் கோஷ்டியின் சிறந்த தொகுப்பு எது?

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. முழங்காலைப் படம் எடுக்க ஸ்கேன் நிலையத்துக்குப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்காவும் தம்பியும். எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு ராக் இசைக்குழுவின் 'ஹிட்ஸ்' தொகுப்புகளில் எது சிறந்தது என்று சண்டை. சொத்துத் தகராறில்கூட அவ்வளவு சூட்டை நான் பார்த்ததில்லை. பிறகு அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள், என்னை வேறொரு அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது இருவரும் இல்லை.

நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைவேலை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. நடுவில் "இது நிஜமா?" என்று கேட்டு என் நூலை அறுக்கக்கூடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

எண்பதுகளின் இசை வானில் விண்மீன்களாகத் தோன்றிய அந்த நால்வர்—

வேண்டாம். அட்டைப்பெட்டியில் அச்சடித்த விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடுத்தது:

பேருந்து ஓட்டும் அக்காவுக்கு உலகத்தில் எதைக் கண்டும் பயமில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று—

இதுவும் வேண்டாம். "ஒன்றைத் தவிர" என்று எழுதினாலே அடுத்த வரியில் கரப்பான்பூச்சி வரும் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் வண்டி ஓட்டும்போது அக்காவுக்குத் தலை சுற்றியது. சமாளித்து ஓரங்கட்டிவிட்டாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பணிமனையிலும் அதே பேச்சு. ஸ்கேன் எடுத்தால் பேருந்து, எடுக்காவிட்டால் வீடு.

வீட்டில் உட்கார்ந்த அக்கா வீட்டையே ஓட்டத் தொடங்கினாள். கூடத்தை யாராவது குறுக்கே கடந்தால், "ஏய், பார்த்துப் போ!" கணவர் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டி, "இறங்குங்க, ஸ்டாப் வந்தாச்சு!" அவர்தான் தம்பியை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்க் கெஞ்சினார்.

"மச்சான், எப்படியாவது உங்க அக்காவை அந்தக் குழாய்க்குள்ள அனுப்பிடு. எனக்கு விசில் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குது."

அனுப்புவதுதான் கஷ்டம். அக்காவுக்கு அடைந்த இடம் ஆகாது.* சொந்தத் தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தும் அவள் ஒருநாளும் லிஃப்டில் ஏறியதில்லை. அவன் பார்த்துக்கொள்ளும் கட்டடத்திலேயே, அவன் கண்ணெதிரே, மூச்சுவாங்கப் படியேறிப் போவாள்.

"இதை நான்தான்க்கா சர்வீஸ் பண்ணேன்" என்பான்.

"அதனாலதான்டா" என்பாள்.

(* பேருந்தும் ஒரு பெட்டிதானே, அதில் மட்டும் பயமில்லையா என்று நீங்கள் கேட்பதற்குள் நானே கேட்டுக்கொண்டேன். அக்காவையே சந்தேகப்பட்டு, அவளைத் தையற்காரியாக மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு புரிந்தது. பேருந்தில் கதவைத் திறக்கிற பொத்தான் அவள் கையில் இருக்கிறது. ஆக, அக்கா ஓட்டுநராகவே இருக்கட்டும்.)

3

முதல் தடவை போனபோது என்ன நடந்தது என்றால், படுக்கவைத்து, முகத்துக்கு மேலே ஒரு கூண்டை மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். தாங்கவே முடியவில்லை என்றால் அமுக்கலாம், மணி அடிக்கும், வெளியே எடுத்துவிடுவார்கள். தலை குழாய்க்குள் நுழைவதற்கு முன்பே அக்கா அமுக்கிவிட்டாள்.

ஸ்கேன் எடுக்கும் பெண் நல்ல பெண். கோபித்துக்கொள்ளவில்லை.

"அம்மா, அடுத்த தடவை உங்களுக்குப் பிடிச்ச பாட்டு கொண்டுவாங்க. ஹெட்போன்ல போடறேன். மெஷின் தடதடன்னு அடிக்கும், பாதிதான் காதுல விழும். ஆனா மனசு பாட்டு பின்னாடி போயிடும்."

பிடித்த பாட்டு என்றால் அந்தக் குடும்பத்தில் வேறு பேச்சே கிடையாது. சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கும் தம்பிக்கும் அந்த நால்வர்தான் எல்லாம். "தகரத்தைப் போட்டு அடிக்கிறானுங்க" என்று அம்மா திட்டியதிலிருந்து, வீட்டில் அவர்களுக்குத் தகரக் கோஷ்டி என்றே பெயர். பாட்டின் சொற்கள் பாதிக்கு மேல் புரியாததால் பாட்டுகளுக்கும் இவர்களே பெயர் வைத்திருந்தார்கள்: ரயில் பாட்டு, கோழிப் பாட்டு, கடன்காரன் பாட்டு.

தம்பி அலமாரியைத் திறந்தான். தகரக் கோஷ்டியின் ஹிட்ஸ் தொகுப்புகள் வரிசையாக நின்றன. முதலாவது, கறுப்பு அட்டை. அவர்கள் உச்சத்தில் இருந்தபோது வந்தது. ஒரே குறை, அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டு அதில் இல்லை. அதை அப்போது அவர்கள் இன்னும் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது, தடித்த இரட்டைத் தட்டுத் தொகுப்பு. எல்லாம் இருக்கும், பாடியிருக்கவே கூடாதவையும் சேர்த்து. மூன்றாவது, வயதான பிறகு எல்லாவற்றையும் மேடையில் புதிதாகப் பாடிப் பதிவுசெய்தது. அதில் உயர்ந்த இடம் வரும்போதெல்லாம் பாடகர் நாசூக்காக மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார். நான்காவது, மெதுவான பாட்டுகள் மட்டும். அட்டையில் ஒரு தலையணை.

(ஹிட்ஸ் தொகுப்பு என்பதே ஒரு விதத்தில் கதை எழுதுகிற வேலைதான். ஒரு வாழ்க்கையிலிருந்து சுமாரான நாட்களையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, நல்லதை மட்டும் அடுக்கி, "இதோ, இதுதான் அவர்கள்" என்று நீட்டுவது. அடுக்குகிற கை மாறினால் ஆளே— சரி, இந்த ஆராய்ச்சி இருக்கட்டும். அக்கா காத்திருக்கிறாள்.)

தம்பிக்கு மண்டை காய்ந்தது. சிறந்தது இரட்டைத் தட்டுதான், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோயாளிக்கு அமைதிதானே வேண்டும்? தலையணையை எடுத்துக்கொண்டான்.

4

பிளாஸ்டிக் நாற்காலிச் சண்டை இங்கேதான் வருகிறது. நான் காதால் கேட்டது.

"என்னடா இது, தலையணை போட்டிருக்கு?"

"மெதுவான பாட்டுக்கா. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்."

"தூங்கினா முழிப்பேன்ல? முழிச்சா எங்க இருப்பேன்? குழாய்க்குள்ள! உனக்கு மூளை இருக்கா?"

"அப்போ ரெட்டைத் தட்டு. போன்லயே இருக்கு."

"அதுல பாதி குப்பை. நம்ம வீட்ல இருந்ததைப் போடு. கறுப்பு அட்டை. அதுதான் உசத்தி."

"அதுல பத்தே பாட்டு. உனக்குக் காதே கிடையாதுக்கா."

"உனக்குக் காது மட்டும்தான்டா இருக்கு."

இந்தக் கடைசி வரிக்காகவே இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி இறங்கிவந்தான். போனில் கறுப்பு அட்டைத் தொகுப்பைத் தேடியெடுத்து ஸ்கேன் பெண்ணிடம் கொடுத்தான். அக்கா உள்ளே போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மானிட்டர் அறையில், தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குழாய்க்கு வெளியே அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. முதல் பாட்டுக்குக் கட்டைவிரல் லேசாகத் தாளம் போட்டது, பிறகு நின்றது. அடுத்த பாட்டுக்கு இரண்டு பாதமும் விறைத்தன. மூன்றாவதாகக் கோழிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது.

வெளியே வந்ததும் அக்கா எழுந்து உட்காரக்கூட இல்லை. படுத்தபடியே கத்தினாள்.

"ரயில் பாட்டு முதல்ல வரணும், வரல. பொறுத்துக்கிட்டேன். தலையும் காலும் மாறி வந்துச்சு, அதையும் பொறுத்துக்கிட்டேன். கோழிப் பாட்டுல தும்மல் எங்கடா?"

"என்ன தும்மல்மா?" என்றாள் ஸ்கேன் பெண்.

தம்பி மட்டும் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

5

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் கறுப்பு அட்டை இருந்ததே இல்லை. இருந்தது ஒரு கேசட். மேல் வீட்டுக்காரர் கறுப்பு அட்டை இசைத்தட்டு வாங்கியிருந்தார். தம்பி ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டுபோய், அவர் ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துப் பதிவுசெய்தான். இசைத்தட்டு திருப்பிப் போட்டிருந்தது தெரியாமல் இரண்டாம் பக்கத்தை முதலில் பிடித்தான். கோழிப் பாட்டில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று ஓய்ந்து, டிரம் மறுபடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். அங்கே தும்மிவிட்டான்.

(கேசட்டில் அம்மாவின் குரலும் பதிவாகியிருந்தது, அம்மா இப்போது இல்லை என்று எழுதினால் நீங்கள் அழுவீர்கள். எழுதியும் பார்த்தேன். நானே அழுதேன். அதனால்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அம்மா சௌக்கியமாக இருக்கிறாள், இன்னும் தகரம் என்றுதான் திட்டுகிறாள். பதிவானது தும்மல், தும்மல் மட்டும்தான்.)

அந்தக் கேசட்டை அப்புறம் பிளேயர் தின்றுவிட்டது. தம்பி பெரிய தொகுப்புகளுக்கு மாறி, பழைய வரிசையை மறந்தேபோனான். அக்கா மாறவில்லை. வண்டியில் பாட்டுப் போடக்கூடாது என்று விதி. அதனால் தினமும் மனசுக்குள் கேசட்டை ஓட்டிக்கொண்டே பேருந்தை ஓட்டினாள். பணிமனையிலிருந்து கிளம்பினால் ரயில் பாட்டு. பாலத்தில் ஏறினால் கோழிப் பாட்டு. தும்மல் வந்தால் பாலம் முடிந்தது என்று அர்த்தம்.

"எது எப்போ வரும்னு தெரிஞ்சா எவ்வளவு நேரம் வேணும்னாலும் கிடப்பேன்டா" என்றாள். "தெரியாம ஒரு நிமிஷம் கிடக்க முடியாது. தும்மல் வரலன்னதும் நான் எங்க இருக்கேன்னே புரியல."

"அப்போ எந்தத் தொகுப்புதாம்மா சிறந்தது?" என்று ஸ்கேன் பெண் உண்மையான ஆவலோடு கேட்டாள்.

"இவன் கெடுத்தது."

ஸ்கேன் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்மா. அதுவும் ஆகலன்னா அடுத்த மாசம்தான் தேதி கிடைக்கும்."

அடுத்த மாதம் என்றால் அக்காவின் வழித்தடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பணிமனையிலிருந்து காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அக்கா அதைத் தம்பியிடம் சொல்லவில்லை, இப்போதுதான் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் பேருந்து ஓட்டுகிற குரலாக இல்லை.

6

தம்பி போனில் பாட்டுகளை வெட்டி ஒட்டிப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தான். தும்மலுக்கு என்ன வழி? மானிட்டர் அறையில் ஒரு மைக் இருந்தது. அதில் பேசினால் ஹெட்போனில் கேட்கும். "அந்த இடம் வரும்போது மெஷின் தட்டறதை நிறுத்தி வெச்சு மைக்கைத் திறக்கிறேன்" என்றாள் ஸ்கேன் பெண். "நீங்க தும்முங்க, அண்ணா."

"ஹச்" என்று ஒத்திகை பார்த்தான்.

"இது நாடகத் தும்மல்" என்றாள் அக்கா. "உன் தும்மல் ரெண்டு தடவை வர்ற மாதிரி ஏமாத்திட்டு மூணாவதுல வெடிக்கும். பொய்யா தும்மின, பந்தை அமுக்கிடுவேன்."

உள்ளே போனாள். ரயில் பாட்டு. கட்டைவிரல் தாளம் போட்டது, நிற்கவில்லை. கடன்காரன் பாட்டு. பாதங்கள் தளர்ந்தன. மானிட்டரில் அக்காவின் தலை துண்டு துண்டாகத் தெளிந்துகொண்டிருந்தது. கோழிப் பாட்டு தொடங்கியது. தம்பி காகிதத்தைச் சுருட்டி மூக்கில் விட்டான். மேலே எரியும் விளக்கை வெறித்துப் பார்த்தான். ஸ்கேன் பெண் அலமாரி மேலிருந்த தூசியைத் தட்டி அவன் முகத்தை நோக்கி ஊதினாள்.

"வருதா, அண்ணா?"

"வர்ற மாதிரி இருக்கு... இல்ல, போயிடுச்சு."

இதற்கு மேல் முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தும்மல் கச்சிதமாக வந்துவிட்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் தூசி ஸ்கேன் பெண்ணுக்கே ஏறி அவள் தும்மினாள். அக்கா "யாரும்மா அது?" என்று குலுங்கிச் சிரித்து, படமெல்லாம் கலங்கிப்போயிற்று. இன்னொன்றில் அவனுடைய நிஜத் தும்மலேதான், ஆனால் ஒரு பாட்டுத் தாமதமாக—

போதும். நான் எதை எழுதினாலும் அது என் தும்மலாகத்தான் இருக்கிறது.

வாத்தியங்கள் ஓய்ந்துவிட்டன. தட்டல் நின்றுவிட்டது. மைக் திறந்திருக்கிறது. தம்பி இரண்டு தடவை ஏமாற்றிவிட்டான், வாய் பாதி திறந்தபடி நிற்கிறான். குழாய்க்குள் அக்காவின் விரல்கள் பந்தைச் சுற்றி மெல்ல மூடுகின்றன. டிரம்காரர் குச்சியை ஓங்கிவிட்டார்.

உங்களில் யாருக்காவது மூக்கு அரிக்கிறதா, கண்ணுகளா? இப்போதே, இந்தப் பக்கத்துக்கு நேராகத் தும்மிவிடுங்கள். நிஜமாக வரட்டும். பொய்யென்றால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.