மீசை மேல் சத்தியம்

கபர்க் குழிக்குள் இறங்கி நின்று, இறந்துபோன அண்ணனின் தலைப்பக்கத்தை வாங்கிக்கொண்டபோது, லாஃபிக்கு வலது தொடையில் ஏதோ சுருக்கென்று குத்தியது. குத்தியது எது என்று அவருக்குத் தெரியும். அங்கிப் பைக்குள் ஆறு மாதமாகக் கிடக்கும் இரும்புத் துண்டு. அரைவட்டமாக, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதற்குப் போய் இவ்வளவு திமிர்.

"மெதுவா, மெதுவா. முகத்தைக் கிப்லா பக்கமா, மக்காவைப் பாக்கத் திருப்பு" என்றார் மேலே நின்ற ஷேக் தகீல்.

லாஃபி திருப்பினார். அண்ணன் முத்லக் மறுப்புச் சொல்லாமல் திரும்பினார். அறுபத்தைந்து வருடத்தில் தம்பி பேச்சைக் கேட்டு அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை. அதை நினைத்ததும் லாஃபிக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு குனிந்தார்.

அப்போதுதான் சைத்தான் காதோரம் வந்தான். 'லாஃபி, அந்தத் துண்டை இங்கேயே விட்டுட்டுப் போயேன். மேல மண்ணைத் தள்ளுனா யாருக்குத் தெரியப்போகுது? உன் மீசை உன்கிட்டயே இருக்கும்.'

மீசை விவகாரம் இதுதான். போன பெருநாளன்று ஷேக் வீட்டுக் கூடாரத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. முத்லக் தன் முப்பத்தைந்து வருட டீசல் வண்டியின் எஞ்சினைக் கழற்றி, வீட்டிலிருந்த சோற்றுத் தட்டுகளிலெல்லாம் பரப்பி வைத்திருந்த நேரம். புது பிஸ்டன், புது ரிங், அகபா நகரத்துக்குக் கொண்டுபோய் இழைத்துக்கொண்டு வந்த ஹெட், கிணறு தோண்டும் லாரியிலிருந்து கழற்றிய பெரிய டீசல் பம்பு. எல்லாம் போதாதென்று, காற்றை அமுக்கித் தள்ளி எஞ்சினுக்கு வலுவேற்றும் டர்போ ஒன்று வேறு.

"முப்பத்தஞ்சு வருஷ எஞ்சினுக்கு டர்போவா?" என்றார் லாஃபி. "எண்பது வயசுக் கிழவனுக்குப் புதுசாக் கல்யாணம் பண்ணி வச்சு, மணல்ல ஓட்டப் பந்தயம் விடுற மாதிரி இருக்கு!"

கூடாரமே சிரித்தது. முத்லக் சிரிக்கவில்லை. "ஓடும்டா. செம்மேட்டு உச்சி வரைக்கும் ஓடும். நீ உன் பெட்ரோல் வண்டியோட அடிவாரத்துல நின்னு அண்ணாந்து பாரு."

செம்மேடு எங்கள் பக்கத்திலேயே உயரமான மணல்மேடு. லாஃபிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு விரலால் மீசையைப் பிடித்தார். "அந்தத் தகரம் செம்மேட்டுல ஏறிச்சுன்னா, அல்லா மேல ஆணையா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

எங்கள் பாலைவன ஜனத்தில் மீசையைப் பிடித்துச் சொன்ன வார்த்தைக்குப் பின்வாங்கல் கிடையாது. சொன்னவன் சொன்னவன்தான். கூடாரத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஷேக் தகீல் மட்டும், "தேவையாடா இது?" என்று முனகினார்.

மறுநாள் லாஃபி அண்ணன் முற்றத்துக்குப் போனார். நக்கல் பண்ணத்தான் போனார். கட்டையில் தூக்கி வைத்திருந்த எஞ்சினின் கிராங்கை, முத்லக் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போனதுபோல் சுற்றியது. அவரும் நாற்பது வருடம் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர்தான்; இது ஓடும், ஓடாமல் இருக்காது என்று அவருக்குப் புரிந்துபோனது. பக்கத்துத் துணியில் அந்த அரைவட்டத் துண்டு கிடந்தது. பம்பு கியர் தண்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான்; அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. கை தானாகப் போனது. பைக்குள் போட்டுக்கொண்டு, "டீ வேணாம், வேலை இருக்கு" என்று வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்த முற்றத்தை அவர் மிதிக்கவில்லை. செய்தி மட்டும் அவர் மனைவி சல்ஹா மூலம் வந்தது. "உங்க அண்ணன் ஏதோ துண்டைத் தொலைச்சுட்டாராம். அப்பனும் மகளும் மாவு சலிக்கிற சல்லடையை வச்சு முற்றத்து மணலையே சலிக்கிறாங்க!" லாஃபி அன்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்கப் போகவும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு மாதம் ஓடிப்போனது. முத்லக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது கபருக்குள், சைத்தான் சொன்னபடியே, லாஃபி துண்டை எடுத்து அண்ணன் தோளோரம் மணலில் நழுவ விட்டார்.

விட்ட மாத்திரத்தில் மனசு பதறியது. உலகம் முடியும் கியாமத் நாள் வரைக்கும் அண்ணன் அதன் மேலா படுத்துக் கிடப்பான்? குத்துமே! ஏற்கெனவே வலது தோள் வலி வேறு. லாஃபி சடாரென்று மண்டியிட்டு மணலைத் துழாவ ஆரம்பித்தார். உடலைச் சுற்றிய கஃபன் துணிக்கடியில் கை விட்டார். கிடைக்கவில்லை. இரண்டு கையாலும் பறண்டினார்.

"லாஃபி! விடுப்பா, போதும்!" என்று மேலிருந்து குரல்கள்.

"இருங்க, இருங்க, ஒரு நிமிஷம்!"

"அண்ணனை விட்டுப் பிரிய மாட்டேங்குறாரேப்பா" என்று யாரோ விசும்பினார்கள். நான்கு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். கால் அந்தரத்தில் தொங்கிய நேரத்தில், கடைசியாக அள்ளிய பிடி மணலுக்குள் துண்டு அகப்பட்டது. லாஃபி முஷ்டியை மூடிக்கொண்டார்.

"இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்!" என்றார் பக்கத்து வீட்டு ஆதிக், கண்ணைத் துடைத்தபடி. "ஓயாம சண்டை போட்டாங்களே, உள்ளுக்குள்ள எவ்வளவு பாசம் பாருங்க."

வலது கை மூடியே இருந்ததால் லாஃபி வழக்கப்படி போடும் மூன்று பிடி மண்ணையும், முறைக்கு மாறாக, இடது கையால் போட்டார். துக்கத்தில் இருக்கிறவர், என்னத்தைச் சொல்ல என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள்.

முத்லக் வீட்டு முற்றத்துக்கு முன்னால் துக்கக் கூடாரம் போட்டாயிற்று. மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்திலிருந்து சோறு வரும். ஆதிக் கசப்புக் காப்பிக் கெண்டியோடு சுற்றி வந்தார். போதும் என்றால் கோப்பையை இலேசாக ஆட்ட வேண்டும், இல்லையென்றால் அவர் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார். லாஃபி முதல் கோப்பையிலேயே ஆட்டிவிட்டார். துண்டு பைக்குள் இருக்கும்போது அந்த வீட்டுக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

இறந்த விதத்தை வந்தவர்களுக்கெல்லாம் ஹம்தா சொல்லிக்கொண்டிருந்தாள். முத்லக்குக்கு அவள் ஒரே மகள், நாற்பதை நெருங்குகிறவள். தாய் போன பிறகு அப்பாவுக்குச் சமையலும் அவள்தான், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். "வண்டி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. யோசிக்கிறாருன்னு நினைச்சேன். யோசிச்சா மணிக்கணக்கா அசைய மாட்டாருல்ல? ரெண்டு தடவை டீ ஆறிப்போச்சுன்னு மாத்தி வச்சேன். மூணாவது தடவைதான் தொட்டுப் பாத்தேன்."

லாஃபியை வேறொன்று உறுத்தியது. அவர் கூடாரத்துக்குள் நுழையும் போதெல்லாம் பேச்சு பட்டென்று நின்றது. ஒரு தடவை, "அந்த வண்டி போன வாரம்கூட..." என்று யாரோ ஆரம்பிக்க, ஷேக் தகீல் பெரிதாக இருமினார். இன்னொரு தடவை லாஃபியே சல்ஹாவிடம் வண்டியைப் பற்றி வாயெடுத்தார்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று எரிந்து விழுந்தாள் அவள். "மனுஷன் போய் ரெண்டு நாள் ஆகல. பேசாம சோத்தைத் தின்னுங்க."

சரிதான், ஊருக்கே தெரிந்துவிட்டது என்று லாஃபி முடிவு கட்டினார். திருடன் என்று மூஞ்சிக்கு நேரே சொல்ல மனசில்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் முடிந்ததும் இருக்கிறது கச்சேரி. ஆனால் அதைவிடவும் அவரை வாட்டியது வேறு. அண்ணன் கடைசி வரை அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்காமலே போய்விட்டான், தன்னால். மீசை போனால் முளைக்கும். அண்ணன் முளைப்பானா?

மூன்றாம் நாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும், லாஃபி நைசாக எழுந்து பின்பக்கம் போனார். தார்ப்பாயை விலக்கினார். வண்டி நின்றது. எஞ்சின் முன்பக்கம் திறந்து கிடக்கும், துண்டைச் சொருகி கியரை மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பானட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றார். எல்லாம் மூடி முடுக்கியிருந்தது. பெல்ட் மாட்டியிருந்தது. டர்போ குழாயில் மணல் புழுதி படிந்திருந்தது.

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். புது எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது கண்மைபோல் கறுத்திருந்தது. ஓடாத டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுக்காது. லாஃபி கம்பியைத் துடைத்து மறுபடியும் விட்டு உருவினார். மறுபடியும் கறுப்பு.

"ரெண்டு மாசமா ஓடுது, சித்தப்பா."

ஹம்தா வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றாள்.

"எப்படி ஓடும்?" என்றார் லாஃபி. "துண்டு..." என்று வாய்க்குள் வந்ததை மென்றார்.

"அப்பா அரத்தால ராவிச் செஞ்சாரு. மூணு சரியா வரல. நாலாவது கச்சிதமா உக்காந்துச்சு."

"மேட்டுல ஏறிச்சா?"

"முதல் தடவை பாதியில மூச்சு வாங்கிச்சு. பம்புல டீசலைக் கொஞ்சம் கூட்டி வச்சாரு. அப்புறம் ஏறிச்சு. வியாழக்கிழமைதோறும் ஏறுவோம். நீங்க அகபாவுக்கு மக வீட்டுக்குப் போற நாளாப் பாத்து."

"ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும்."

"சல்ஹாவுக்கு?"

"சித்தியை ரெண்டு தடவை உச்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். கத்துன கத்துல எனக்குக் காது அடைச்சுப்போச்சு."

லாஃபி வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டீ யாரும் சொல்லல?"

"சொன்னா உங்க மீசை போயிடுமே. யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு அப்பா ஷேக்கைக் கூட்டி வச்சு ஊர்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு." ஹம்தா ஒரு கணம் தயங்கினாள். "துண்டு எங்க போச்சுன்னும் அவருக்குத் தெரியும். அதை யார்கிட்டயும் சொல்லல. சலிச்ச மறுநாளே சல்லடையைத் தூக்கிப் போட்டுட்டு, 'விடு, பத்திரமான இடத்துலதான் இருக்கு'ன்னாரு."

லாஃபி தலை குனிந்துகொண்டார்.

"ஒருநாள் கேட்டேன். 'ஏம்பா, ஜெயிச்சவரு நீங்க, அவரு மீசையைக் காப்பாத்த நீங்க எதுக்குப்பா ஒளிஞ்சு ஓட்டணும்?'னு. அதுக்குச் சொன்னாரு: 'லாஃபி மீசையை எடுத்தான்னா அசல் எங்கம்மா மாதிரியே இருப்பான். அந்த மூஞ்சியோட எதிர்ல வந்து நின்னா, நான் எப்படிடி அவன்கூடச் சண்டை போடுறது?'"

லாஃபிக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. மூக்கை அங்கிக் கையில் துடைத்துக்கொண்டார். பிறகு பைக்குள் கை விட்டு, துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா. டூல் பெட்டியில போட்டு வை. ஸ்பேரா இருக்கட்டும்."

"சரி, சித்தப்பா."

"உங்கப்பன் சவரக் கத்தி எங்க இருக்கு?"

ஹம்தா கத்தியும் சோப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்து பானட் மேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாஃபி வண்டியின் பக்கக் கண்ணாடியை வளைத்துப் பிடித்துக்கொண்டு நாற்பத்திரண்டு வருட மீசையை மழித்தார். முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பாவி சொன்னது சரிதான்.

கூடாரத்துக்குள் அவர் நுழைந்தபோது, சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கைகளெல்லாம் பாதியில் நின்றன. பெண்கள் பக்கத் திரையிடுக்கில் பார்த்த சல்ஹா, "அய்யோ, என் மாமியாரு!" என்று அலறி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷேக் தகீல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏறிச்சா?" என்றார், அன்றுதான் கேள்விப்படுகிறவர்போல.

"ஏறிச்சாம்."

"உக்காரு. ஆதிக், காப்பி ஊத்து."

லாஃபி உட்கார்ந்து வாங்கிக் குடித்தார். விரல் பழக்கத்தில் மீசையைத் துடைக்கப் போய், வெறும் தோலைத் தொட்டுவிட்டு இறங்கியது. பின்பக்கம் ஹம்தா சாவியைத் திருப்பியிருக்க வேண்டும். இரண்டு தடவை செருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் ஒன்றுபோல் அடித்தன, ஒன்றுகூடப் பிசகவில்லை. கொஞ்சம் அமுக்கினாள், டர்போ மெல்ல விசில் எடுத்தது. கூடாரத்தில் யாரும் தலை நிமிரவில்லை.

லாஃபி கோப்பையை ஆட்ட மறந்துவிட்டார். ஆதிக் ஊற்றினார். குடித்தார். மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தார். நான்காவது, ஐந்தாவது என்று கெண்டி சாய்ந்துகொண்டே இருந்தது. போதும் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.