எண்பத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்கு

மகளின் மீன்தொட்டிக்குள் என் ஐம்பது எம்.எம். லென்ஸைப் போட்டவன் நான்தான். கேமராவிலிருந்து கழற்றி மேசையில் வைக்கப் போனேன். அது தன்பாட்டுக்குக் கையிலிருந்து கிளம்பி, பொளக்கென்று தண்ணீரில் இறங்கியது. இரண்டு மீன்களும் மூலைக்கு ஓடின.

"மீனுக்கும் போட்டோ எடுக்கக் கத்துக் குடுக்குறீங்களா?" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் ஒளித்தேன். அது உள்ளேயும் சும்மா இருக்கவில்லை.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு..."

"லென்ஸ் டாக்டர்கிட்டதான் கிளம்பிட்டு இருக்கேன்."

பயணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன் நான். 'ஊர் சுற்ற ஒரே லென்ஸ் போதும். கிட்டே வேண்டுமென்றால் நடந்து போங்கள்' என்று பத்திரிகையில் உபதேசமும் செய்கிறவன். முதலில் என் செல்லம் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ். போன வருடம் அதில் படங்கள் கலங்கி விழுந்தன. 'முகம் மட்டும் போதுமா, தெரு வேண்டாமா?' என்று எழுதிவிட்டு ஐம்பதுக்கு வந்தேன். அதிலும் கலங்கியது. 'அகலப் பார்ப்பதே அழகு' என்று எழுதிவிட்டு முப்பத்தைந்துக்கு இறங்கினேன். எண் குறையக் குறையக் கையாட்டம் படத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பதை மட்டும் எழுதவில்லை. பக்குவம் வந்துவிட்டது என்று வாசகர்கள் பாராட்டினார்கள்.

நான்கு நாளில் அடுத்த பயணம். நேற்று முப்பத்தைந்தில் எடுத்ததும் கலங்கல். இன்று காலை பழைய ஐம்பதையே மறுபடி மாட்டிப் பார்த்தேன்; அதுதான் மீன்தொட்டிக்குப் போனது.

லென்ஸ் பழுதுபார்ப்பவரை எல்லோரும் தூசி அண்ணன் என்போம். என்ன கோளாறு என்றாலும் "தூசிதான் தம்பி" என்று ஊதிக் கொடுத்துவிடுவார். கலங்கிய எண்பத்தைந்தையும் ஐம்பதையும் அப்படித்தான் ஊதிக் கொடுத்திருந்தார். ஈர லென்ஸைப் பார்த்து, "இது குளிச்சுட்டே வந்திருக்கு" என்று ஓரமாக வைத்தார். முப்பத்தைந்தைக் கேமராவோடு ஸ்டாண்டில் பூட்டி, சுவரில் இருந்த காலண்டரைப் படம் எடுத்தார். பொடி எழுத்துகூடப் பளிச்சென்று விழுந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இப்ப கையில வெச்சு நீங்க எடுங்க."

முழங்கைகளை விலாவில் ஒட்டினேன். மூச்சைப் பிடித்தேன். கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. எடுத்துக் கொடுத்தேன். திரையில் காலண்டரின் ஒவ்வொரு தேதியும் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

அவர் ரப்பர் ஊதியைக் கையில் எடுத்தார். ஊதவில்லை. கீழே வைத்துவிட்டார்.

"தூசியாத்தான் இருக்கும், இல்லண்ணே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஒரு தடவ ஊதிப் பாருங்களேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தூசி இல்ல தம்பி. எண்பத்தஞ்சக் கொண்டாந்தப்பவும் இல்ல, ஐம்பதுலயும் இல்ல. மூணு லென்ஸும் நல்ல லென்ஸு. உங்க கைதான் நடுங்குது. ஊருக்குப் போறது அப்புறம். நாளைக்குக் காலைல டாக்டரப் பாருங்க. வீட்டுல அவங்களையும் கூட்டிட்டுப் போங்க."