பன்னிரண்டு காகிதம், பதின்மூன்று ஆள்

1
இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. எங்கள் குரூயெட்ஸ் வட்டாரத்து ஆப்பிள் விவசாயிகள் சங்கம் தன் இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டது: வேலைக்கு வருபவருக்குச் சட்டப்படி அந்த உரிமை இருக்கிறதா என்று முதலாளி ஏன் சரிபார்க்க வேண்டும்? "உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார்கள். குத்தலா மரியாதையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2
'காகிதம் பார்க்காத முதலாளிக்கு அபராதம், வழக்கு, கெட்ட பெயர்...'

(அடித்துவிட்டேன். உண்மைதான், ஆனால் இதைப் படித்து யாருக்குத் தூக்கம் கெடப்போகிறது?)

'அன்று மழை...'

(இது மட்டும் இருக்கட்டும். தேவைப்படும்.)

3
என் கிடங்கில் ஆப்பிளை அறையில் அடுக்கி, கதவை அடைத்து, உள்ளே இருக்கும் பிராணவாயுவை இயந்திரத்தால் குறைப்போம். பழம் வசந்தம்வரை கெடாது. மனிதன் உள்ளே மாட்டினால் எழுந்திருக்க மாட்டான். அதனால் அடைக்கும்முன் பெயர் வாசிப்பது வழக்கம். அன்று காலையும் பன்னிரண்டு பெயர் வாசித்தேன், பன்னிரண்டு குரல் வந்தது. பதினொரு மணிக்குக் கதவை அடைத்தேன்.

4
மதியம் மூன்று மணிக்கு, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஹலினா பாஸ்போர்ட்டுகளோடு வந்தாள். ஒவ்வொருவரையும் நிறுத்தி, காகிதத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்றேன்.

"நீங்க பாத்திருந்தா நான் ஏன் பாக்கப்போறேன், மொதலாளி?"

ஜார்ஜியாக்காரன் ஷால்வாவிடம் நின்றாள்.

"இது ஒன்னோடதுதான். காலைல எனக்குப் பெட்டி எறக்கிக் குடுத்தவன் எங்க? ஒன்ன மாதிரியே இருந்தான், புருவத்துல வெட்டு. அவன் காகிதம் இதுல இல்லியே."

"அவன் போய்ட்டாங்க."

"எந்த வழியா? கேட்டுல நான்தான உக்காந்திருந்தேன்."

சொன்னால் இருவருக்கும் வேலை போகும், நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள். (முதல் பிரதியில் அவனை இங்கே ஒரு பக்கம் யோசிக்க வைத்திருந்தேன். பொய். கேட்டவுடனே முகம் வெளுத்துவிட்டது.)

"என் தம்பிங்க. ஒரே காகிதத்துல மாறி மாறி வருவோம். இன்னிக்கு வேல ஜாஸ்தின்னு சேந்து வந்தோம். பேர் வாசிக்கறப்ப அவன் வெளிய, காலிப் பெட்டிங்களுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறதா பேச்சு."

"வெளிய மழைடா. அறைக்குள்ளயா ஒளிஞ்சான்?" என்றேன்.

5
கட்டுரை இங்கேதான் வரவேண்டும். இரண்டு வருடமாக அந்தக் காகிதத்தில் தேதி பார்த்தேன், முத்திரை பார்த்தேன். முகம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தம்பியைத் திருப்பி அனுப்பியிருப்பேன், அல்லது அவனுக்கும் அனுமதி வாங்கித் தந்திருப்பேன். எப்படியானாலும் அவன் ஒளிந்திருக்க மாட்டான். ஒரு முகத்தை நிமிர்ந்து பார்க்கும் அந்தச் சின்ன வேலையில் ஓர் உயிரே இருந்தது. நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. ஹலினா அதை அரை நிமிடத்தில் செய்தாள்.

6
இயந்திரத்தை நிறுத்திக் கதவைத் திறந்தோம். காற்று ஏறும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, போனவரும் விழுவார். ஷால்வாவை மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்று கூப்பிடத்தான் முடியும்.

வாயைத் திறந்தேன். இரண்டு வருடம் எனக்கு உழைத்தவன். என்னவென்று கூப்பிடுவது?

"அவன் பேர் என்னடா?"

ஷால்வா சொன்னான். கூப்பிட்டேன்.

7
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் தள்ளாடி வருகிறான். மற்றதில் வரவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். நல்ல முடிவு என்னை மன்னித்துவிடும், கெட்ட முடிவு உங்களை அழவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடும்.

நீங்களும் வாசலுக்கு வாருங்கள். உள்ளே இருட்டு, ஆப்பிள் வாசனை. அவன் பெயர் தோர்னிகே. கூப்பிடுங்கள்.